பத்து மணிச் சாப்பாடும் மூணு மணிக் காபியும்

பெரம்பூர் ரயில் நிலையத்து மேம்பாலப் படிக்கட்டை இருபது வருடமாக ஏறி இறங்குகிறேன். எத்தனை படி என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. போன வருடம் ஆடி முடிந்த வாரம் ஒரு நாள், பாதி ஏறியதும் கால் நின்றுவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, காதுக்குள் ஒரே இரைச்சல். பின்னால் வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "அக்கா, இப்படி ஓரமா உக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். எனக்காக அவளும் வண்டியை விட்டுவிட்டாள். அவள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்னும் மனதை உறுத்துகிறது.

இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். கீரையே தொடாதவர்களுக்கு வந்தால் சரி, எனக்கு எப்படி வரலாம்?

எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் கீரை உண்டு. தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் ஒரு ஆயா கீரை விற்கிறாள். விடிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போய் எடுத்துவந்து, ஆறு மணிக்கெல்லாம் ஈரக் கோணியை விரித்து அடுக்கிவிடுவாள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, சில நாள் வல்லாரை. முருங்கைக்கீரை மட்டும் கோணியில் இருக்காது, மடியிலேயே வைத்திருப்பாள், வெயில் பட்டால் உதிர்ந்துவிடும் என்று. முளைக்கீரை வாங்கும்போது தண்டை நகத்தால் கிள்ளி ஒடித்துக் காட்டுவாள். டக்கென்று ஒடிந்தால் இளசு. நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் முற்றல், அதைக் கொடுக்க மாட்டாள். "இது வேணாம் பாப்பா, நாளைக்கு வா" என்பாள். எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் பாப்பாதான்.

அப்படிப்பட்ட கீரையைத் தின்றுதான் எனக்கு 8.4.

அதற்கு ஒரு வருடம் முன்பே உடம்பு சோர்வென்று ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே ரத்தம் எடுக்கவில்லை, மாதவிலக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்து மாவு டப்பா ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல். அதைப் பாலில் கலந்து மூன்று மாதம் குடித்தேன். அந்த மூன்று மாதமும் உள்ளுக்குள் வடிந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

இந்த முறை பார்த்த டாக்டரம்மா வேறு மாதிரி. முதல் கேள்வியே, "மாசா மாசம் எத்தனை நாள் போகுது? கட்டி கட்டியா போகுதா?" என்பதுதான். நாலு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் இப்படித்தான் இருக்கும் என்று அம்மாவும் சொன்னாள், அக்காவும் சொன்னாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. அதற்குத் தனியாக வைத்தியம் ஆரம்பித்தது, அதை விவரிக்க இது இடமில்லை. ஆனால் படிக்கிற பெண்களிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பானையில் ஓட்டை இருக்கும்போது எந்தக் கீரையும் அதை நிரப்பாது. வெட்கப்படாமல் போய்ச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "சாப்பிட்டதும் காபி குடிப்பீங்களா?"

ஒன்றேகாலுக்கு டிபன் பாக்ஸைத் திறப்பேன். ஒன்றரைக்குக் கேன்டீன் காபி. அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. அந்தக் காபி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் இருக்கிற இரும்புச்சத்து எளிதில் உடம்பில் சேராது. கறியிலும் மீனிலும் இருக்கிற இரும்பில் ஒரு பகுதி சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். செடியின் இரும்பு அப்படியில்லை, கூடவே வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சேரும், அல்லது சேராமலே வெளியே போகும். காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அந்த இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். 1983இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு காபி குடித்தபோது இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபியால் பாதகமில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலோ, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்த அதே அளவுக்குக் குறைத்தது. ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும் என்று நாம் நினைத்துக்கொள்வது தப்பு.

இதைக் கேட்டுவிட்டு வந்த இரவு என் பாட்டியின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. தாத்தா பாரிமுனையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்து மெட்ராஸ் உத்தியோகஸ்தர் வீடுகளில் ஒரு நேரக்கணக்கு இருந்தது. விடிந்ததும் காபி. ஒன்பதரை, பத்து மணிக்கு முழுச் சாப்பாடு: சோறு, குழம்பு, ரசம், கீரை, மோர். மதியம் மூணு மணிக்குத்தான் டிபனும் அடுத்த காபியும். பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் காபி கேட்டால் பாட்டி தரமாட்டாள். "மூணு ஆகட்டும்" என்பாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. இரும்பைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. அது அடுப்பையும் பால்காரரையும் வைத்துப் போட்ட கணக்காகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் காபிக்கும் கீரைக்கும் நடுவே முன்னால் மூன்று மணி நேரமும் பின்னால் ஐந்து மணி நேரமும் இருந்தது. நாங்கள் கீரையை விடவில்லை. அந்த இடைவெளியைத்தான் எப்போதோ விட்டுவிட்டோம்.

சத்துணவு என்று நாம் பேசும்போது எப்போதும் ஒரு பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம். முருங்கைக்கீரையில் அது இருக்கிறது, கேழ்வரகில் இது இருக்கிறது. எதோடு சேர்த்து, எப்போது, எப்படிச் சமைத்துத் தின்றார்கள் என்ற பாதி விடுபட்டுப் போகிறது. என்னைப் பொறுத்தவரை காவல் இருந்ததே அந்தப் பாதியில்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீரையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பெருமைகள் எனக்குப் பயமாக இருக்கின்றன. பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் இரும்பு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம். ஒருவர் தட்டில் விழுகிற பொரியல் அதில் பாதிகூட இருக்காது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. நம் சாப்பாட்டில் உள்ள இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும் என்பதால்தான் அவ்வளவு பெரிய எண். ஆகவே 8.4இல் இருக்கிறவள் கீரையை மட்டும் நம்பி 12க்கு வர முடியாது. மாத்திரை வேண்டும். எனக்கும் கொடுத்தார்கள். முதல் பத்து நாள் வயிற்றைப் புரட்டியது, மலம் கறுத்துப் போனது, மலச்சிக்கல். பாலோடு போடாதே, காபியோடு போடாதே, எலுமிச்சைச் சாற்றோடு போடு என்றார் டாக்டரம்மா. விட்டுவிடலாம் என்று தோன்றிய ஒவ்வொரு நாளும் அந்த மேம்பாலப் படியை நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

மாத்திரையோடு சேர்த்துச் சமையலிலும் சிலதை மாற்றினேன். கீரை மசியலை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு எலுமிச்சை பிழிகிறேன். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும், அதுதான் இரும்பைக் கைதூக்கி ஏற்றிவிடுகிற ஆள். நெல்லிக்காய்ப் பருவத்தில் தயிர்ப்பச்சடி போடுவதை நிறுத்திவிட்டு, உப்பு மிளகாயோடு ஒரு பெருநெல்லிக்காயைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறேன். பரணில் துருப்பிடித்துக் கிடந்த அம்மாவின் இரும்புச் சட்டியை எடுத்துத் தேய்த்துப் பழக்கி, வத்தக்குழம்பை அதில் வைக்கிறேன். புளி அந்தச் சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பை இழுத்துக் குழம்பில் சேர்த்துவிடும். குழம்பு கறுப்பாகத்தான் வரும், பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி சொல்லி வைக்கிறேன். ஆட்டின் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், அதனால் முதல் நாளே சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் வயசுக்கு வந்த பெண்ணுக்கும் அதை மிளகு போட்டு வதக்கிக் கொடுத்த வழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல.

கடற்கரைக்குப் போனால் தேங்கா மாங்கா பட்டாணிச் சுண்டலை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். பட்டாணியில் இரும்பும் புரதமும் நாரும், அதன்மேல் துருவிப் போட்ட புளிப்பு மாங்காயில் வைட்டமின் சி. தூக்குப் பாத்திரத்தோடு மணலில் நடந்து வருகிற பையன் விற்பது எந்தச் சத்து டப்பாவுக்கும் குறைந்ததில்லை. மாங்காய் கொஞ்சம் கூடப் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இந்த ஊரில் எனக்கு மலைப்பு தருவது ஆடி மாதத்துக் கூழ்தான். எங்கள் தெரு அம்மன் கோயிலில் முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். விடிகாலையில் பெரிய அண்டாவில் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, இரண்டு பேர் மாறி மாறித் துடுப்பால் கிண்டுவார்கள். கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். ஆறியபின் மோர் விட்டுக் கரைத்தால் ஒரு புளித்த வாசனை எழும்பும், அதில் வேப்பிலை வாசனையும் கலந்திருக்கும். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, நறுக்கின வெங்காயம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 360 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, பாலில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற பைடேட் என்ற பொருள் உண்டு, புளிக்க வைக்கும்போது அது குறைகிறது. கருவாடு போன்ற மீன் பண்டங்கள் கூடச் சேர்ந்தால் கீரையின் இரும்பும் நன்றாகச் சேரும். வெயிலில் உழைத்துவிட்டு வந்தவர்களுக்கு உப்பும் தண்ணீரும் அதிலேயே கிடைத்துவிடும். யார் உட்கார்ந்து யோசித்து இந்தத் தட்டை அமைத்தார்கள்? ஒரே ஆள் யோசித்திருக்க முடியாது. பல நூறு அடுப்புகளில் சமைத்துப் பார்த்து, சரிவந்தது நின்றிருக்கிறது.

கூழுக்குப் பெருமை சொன்ன வாயால் இதையும் சொல்ல வேண்டும். என் அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது. சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பி, காலையில் ஒரு பெரிய சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மைய அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது அரிசியைப் போலவே வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். களியாகவோ அடையாகவோ அளவோடு, கூடப் பருப்பும் காயும் வைத்துச் சாப்பிட்டால் பரவாயில்லை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது நம் சென்னையில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். இந்த ஊரில் சோற்றைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த எண்ணை மறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் விழுகிறது, சோறு பிறகு, பாதி அளவு.

சோறு என்றதும் புழுங்கலரிசி ஞாபகம் வருகிறது. கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இந்தக் கதை நம் மாநிலத்துக் கதை. நூறு வருடம் முன்பு, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியையே தின்ற ஊர்களில் பெரிபெரி என்ற நோய் இருந்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், இதயம் செயலிழக்கும். தவிட்டோடு போய்விடுகிற தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாததுதான் காரணம். ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டபோது அவையும் கால் துவண்டு விழுவதைக் கண்ட டச்சு மருத்துவர் ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் இந்த நோயை ஆராய 1918இல் ராபர்ட் மக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றைக்கு இருப்பது அதுதான், 1958இல் இடம் மாறியது. அப்போதைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி தின்ற வடக்குத் தெலுங்குக் கடலோரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி தின்ற நம் பக்கத்தில் அது பெரிதாகத் தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போய்விடுவதில்லை. நெல் அவித்த பெண்களுக்கு அரிசி உடையாமல் வரவேண்டும் என்பதுதான் கவலையாக இருந்திருக்கும். அவர்கள் அடுப்பின் ஆவி எத்தனை பேர் காலையும் இதயத்தையும் காப்பாற்றியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பழைய சோற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோயாளிகளிடம் அதை வைத்து ஆய்வே நடத்தியிருக்கிறார்கள் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

உணவே மருந்து என்று சொல்லிக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்களிடம் மட்டும் நான் சண்டை போடுவேன். என் சித்தி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பூண்டும் முருங்கைக்கீரைச் சூப்பும் குடித்தார். தை மாதம் ஒரு காலையில் வாய் கோணிக்கொண்டு வலது கை விழுந்தது. இப்போது இடது கையால் சாப்பிடுகிறார். பூண்டும் நல்லதுதான், கீரையும் நல்லதுதான். அவருக்கு மாத்திரையும் வேண்டியிருந்தது.

கீரை ஆயாவிடம் நான் என் கதையைச் சொன்னேன், காபி விஷயம் உட்பட. கேட்டுவிட்டு, "எங்க வூட்டுலயும் ஒண்ணு கெடக்குது பாப்பா" என்றாள். பேத்தி, பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படுத்துக்கொள்கிறாள், படியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். டீயும் நாலு பிஸ்கட்டும். ராத்திரி? டீயும் பன்னும், இல்லாவிட்டால் சோறும் ரசமும். கீரை?

"வித்தது போக மீந்தாத்தானே. மீந்ததும் வாடிப் போயிருக்கும். மாட்டுக்குப் போட்டுட்டு வந்துருவேன்."

ஐம்பது கட்டுக் கீரைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அவள் இதைச் சொன்னாள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயது முதல் நாற்பத்தொன்பது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த எண்ணை நான் பலமுறை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது கோணிமேல் உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை அந்தப் பெண்ணை நானே கூட்டிக்கொண்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். பரிசோதனைக்குக் காசு இல்லை. 9.1. பள்ளியில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்களாம். வயிற்றைப் புரட்டுகிறது என்று பைக்குள் போட்டுவிடுவாளாம், பையின் அடியில் ஏழெட்டு கிடந்தது. நர்ஸம்மா திட்டவில்லை. சாப்பிட்ட பிறகு போட்டுக்கோ, டீயோட மட்டும் போடாதே என்று பொறுமையாகச் சொன்னார். நான் எனக்கு நடந்த அத்தனையையும் அவளிடம் சொன்னேன், கறுத்த மலம் வரைக்கும். அதற்குத்தான் அவள் சிரித்தாள்.

எனக்கு நாலு மாதத்தில் 12.3க்கு வந்தது. அவளுக்கு அடுத்த பரிசோதனை வரும் மாதம்.

போன வாரம் கீரை வாங்கப் போனேன். கோணியின் ஓரத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை ஈரத்துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தாள் ஆயா. வழக்கம்போல் அதை எடுக்கக் கை நீட்டினேன்.

"அது விக்கறதுக்கு இல்ல பாப்பா. நீ அரைக்கீரை எடுத்துக்கோ."

இரண்டு கட்டு எடுத்துக்கொண்டேன். ஒரு எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்துவிட்டு வந்தேன்.